ஐந்து ஞாயிறுகளும் ஐந்து வாக்கேயக்காரர்களும்

மல்லேஸ்வரத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் இருபத்துநான்கு வீடுகள். ஏழு வீடுகளில் தமிழ், ஐந்தில் தெலுங்கு, மற்றவற்றில் பெரும்பாலும் கன்னடம். சென்ற தை மாதத்தில் திருவையாற்று ஆராதனையைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வந்த மூன்றாம் மாடிக் கன்னட மாமி, ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் மாலையில் கீழே உள்ள பொதுக்கூடத்தில் எல்லோரும் கூடலாம், வாரத்துக்கு ஒரு வாக்கேயக்காரரை, அதாவது சொல்லையும் இசையையும் தாமே ஆக்கிய ஒருவரை, மட்டும் எடுத்துக்கொண்டு பாடவும் பேசவும் செய்யலாம் என்று ஒரு யோசனை சொன்னார். யோசனையைச் சொன்ன கையோடு, ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார். நாற்பத்தெட்டு வயதில் மறுபடியும் பாட்டு கற்றுக்கொள்ளத் தொடங்கிய ஒரே ஆள் அந்தக் கட்டடத்தில் நான்தான் என்பது அவர் சொன்ன காரணம்.

ஐந்து பெயர்களை எழுதுவதற்கு ஐந்து நிமிடம் போதும் என்று நினைத்தேன். மும்மூர்த்திகளான தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவர், ஊருக்கு மரியாதையாகப் புரந்தரதாசர், நம் மொழிக்காகப் பாபநாசம் சிவன். வங்கியில் முப்பது ஆண்டுகள் குப்பை கொட்டியவளுக்கு இப்படி ஒதுக்கீடு செய்யும் பழக்கம் கையோடு வந்துவிடுகிறது. காகிதத்தில் எழுதி மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்கத் தம்ளரை மேலே வைத்தபோதுதான், இவர்களில் யார் எனக்குப் பிடித்தவர், யார் பிடித்திருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டவர் என்ற கேள்வி எழுந்தது.

கர்நாடக இசையில் இந்தக் கேள்விக்கு விடை சொல்வது மற்ற கலைகளைவிடக் கடினம். ஒரு கவிஞரைப் பிடிக்கும் என்றால் அவர் எழுதிய வரியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லலாம். ஒரு கீர்த்தனை நம் காதுக்கு வந்து சேர்வதற்குள் அதன்மேல் எத்தனையோ பேருடைய கை பட்டுவிடுகிறது. தியாகராஜரின் பாடல்கள் உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று வெவ்வேறு சீடர் பரம்பரைகள் வழியாக இறங்கின. ஒரே பாட்டுக்கு வெவ்வேறு பாடாந்தரங்கள், அதாவது பாடும் முறைகள், இருக்கின்றன. எனக்கு உயிரான 'நகுமோமு' பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். அதன் ராகம் ஆபேரி. பழைய ஆபேரி, 'த' ஸ்வரம் தாழ்ந்து ஒலிக்கும் சுத்த தைவதம் கொண்ட ராகம். தீட்சிதரின் 'வீணாபேரி' அப்படித்தான் இருக்கிறது. இன்று நாம் 'நகுமோமு' என்று கேட்டு உருகுவது சற்று உயர்ந்த சதுச்ருதி தைவதத்தில். முசிறி சுப்பிரமணிய ஐயரின் இசைத்தட்டு அந்தப் பாட்டை வீடுதோறும் கொண்டு சேர்த்தது என்பார்கள். அப்படியானால் நான் இத்தனை ஆண்டுகள் நேசித்தது தியாகராஜரையா, முசிறியையா, எங்கள் ஊர் ஒலிபெருக்கியையா?

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வழி எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. சில ஆண்டுகளுக்கு முன், இதே மல்லேஸ்வரத்தில் ஒருவர் வீட்டுக் கூடத்தில் நடந்த ராமநவமிக் கச்சேரியில், பாடிக்கொண்டிருந்தபோதே மின்சாரம் போய்விட்டது. ஒலிபெருக்கி அடங்கியது, மின்விசிறி நின்றது, பானகம் வைத்திருந்த பாத்திரத்தைச் சுற்றி ஈக்கள் மொய்க்கும் சத்தம்கூடக் கேட்டது. பாடகி நிறுத்தவில்லை. மின்கலத்தில் ஓடிய சிறிய சுருதிப் பெட்டியை முழங்காலுக்கு அருகே இழுத்து வைத்துக்கொண்டு, சியாமா சாஸ்திரியின் 'பாலிஞ்சு காமாக்ஷி'யை மத்தியமாவதியில், குரலைத் தூக்காமல், எந்த அலங்காரமும் சேர்க்காமல், பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது என்பதைப் போலப் பாடி முடித்தார். அன்றைய கச்சேரியில் என் நினைவில் தங்கியிருப்பது அந்த ஒரு பாட்டுதான்.

அதையே விதியாக வைத்துக்கொண்டேன். பிடித்த பாட்டு ஒவ்வொன்றையும் நானே பாட வேண்டும். என் குரல் சுமாரான குரல், அதனால் குரலழகு பாட்டைக் காப்பாற்றாது. கைபேசியில் சுருதி மட்டும். ஒரே வரியை மாற்றி மாற்றி மெருகேற்றிப் பாடும் சங்கதிகளில் முதல் இரண்டுக்கு மேல் கிடையாது. மேடையில் அந்தந்த நேரத்துக் கற்பனையில் விரித்துப் பாடும் நிரவலும் கற்பனாஸ்வரமும் கிடையாது. குக்கர் ஒரு பக்கம் கூவிக்கொண்டிருக்க, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே பாடும்போது எந்தப் பாட்டு நிற்கிறதோ, அதை ஆக்கியவர் உள்ளே வரலாம்.

முதலில் நின்றது சியாமா சாஸ்திரிதான். 1762-இல் திருவாரூரில் பிறந்து, தஞ்சாவூர் பங்காரு காமாட்சி கோயிலில் அர்ச்சகராக இருந்து, 1827-இல் மறைந்தவர். நமக்குக் கிடைத்திருக்கும் அவருடைய உருப்படிகள் நூறைக்கூட எட்டாது. சிறுவயதில் அவரை நான் மும்மூர்த்திகளில் மூன்றாமவர் என்று, பரீட்சையில் கோடிட்ட இடத்தை நிரப்புவதைப் போலத்தான் அறிந்திருந்தேன். பைரவி ஸ்வரஜதியான 'காமாக்ஷி அனுதினமு' பாட்டை மேடையில் எத்தனையோ முறை கேட்டிருந்தும், அதன் எலும்புக்கூடு எனக்குப் புலப்பட்டது சமையலறை மேடையில்தான். அதன் எட்டுச் சரணங்களும் முறையே ஸ, ரி, க, ம, ப, த, நி, மேல் ஸ என்று ஒவ்வொரு ஸ்வரத்தில் தொடங்குகின்றன. பாடிக்கொண்டே போகும்போது கோயில் குளத்துப் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக மேலே ஏறுவதைப் போல இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் நின்று திரும்பிப் பார்த்தால் பைரவி வேறொரு கோணத்தில் தெரிகிறது. மிச்ர சாபுவின் ஏழு எண்ணிக்கையைக் கத்தியின் பிடியால் பலகையில் தட்டிக்கொண்டு, தகிட தகதிமி என்று மனத்துக்குள் ஓட்டிக்கொண்டு பாடிப் பாருங்கள். சுமாரான குரலுக்கும் அது இடம் கொடுக்கிறது. எந்த இடத்தில் நிற்க வேண்டும், எங்கே சாய வேண்டும் என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார். பாடுபவருக்கு விட்டுவைத்தது குறைவு, பாடுபவருக்குக் கொடுத்தது மிகுதி. ஆனந்தபைரவியில் 'மரிவேரே கதி', மாஞ்சியில் 'ப்ரோவவம்மா' என்று அடுத்தடுத்துப் பாடினேன், எதுவும் உதிரவில்லை.

தீட்சிதர் வந்தது எனக்கே வியப்பு. பதினான்கு வயதில் எனக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த வாத்தியார், திருவாரூர்க் கமலாம்பாள் மீது தீட்சிதர் பாடிய கமலாம்பா நவாவரணக் கீர்த்தனைகளை வேற்றுமை உருபுகளுக்குப் பயிற்சி நூலாகவே ஆக்கிவிட்டார். ஆனந்தபைரவியில் முதல் வேற்றுமை, கல்யாணியில் இரண்டாம் வேற்றுமை, சங்கராபரணத்தில் மூன்றாம் வேற்றுமை என்று வரிசையாக ஒப்பித்தால்தான் வீட்டுக்கு விடுவார். அந்தக் கசப்பு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாக்கில் இருந்தது. தீட்சிதர் என்றாலே விளக்கெண்ணெய் என்பதுபோல முகம் சுளித்து, அவரை 'வாதாபி கணபதிம்' பாட்டோடு நிறுத்தி வைத்திருந்தேன்.

என் இப்போதைய ஆசிரியை கன்னடக்காரர். எட்டாவது குறுக்குத் தெருச் சந்தைக்குப் பின்னால் குடியிருக்கிறார். அவர் எனக்கு முதலில் எடுத்த தீட்சிதர் கீர்த்தனை 'அக்ஷயலிங்க விபோ'. சங்கராபரணம், அதுவும் மிச்ர சாபு. அது கீழ்வேளூர்க் கோயில் இறைவனைப் பற்றியது என்று அவர் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். திருவாரூரிலிருந்து நாகப்பட்டினத்துக்குப் போகும் ரயிலில் கீழ்வேளூர் நிறுத்தத்தைக் கடக்காமல் என் பள்ளி விடுமுறைகள் கழிந்ததில்லை. பாட்டில் பதரி வனம் என்று வருகிறது; பதரி என்றால் இலந்தை, அந்தக் கோயிலின் தலமரம் இலந்தைதான். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு நாங்கள் தின்ற இலந்தை, வடமொழி உடுத்திக்கொண்டு இந்தப் பாட்டுக்குள் உட்கார்ந்திருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

பாட்டைச் சமையலறைச் சோதனைக்கு உட்படுத்தியபோது இன்னொன்றும் தெரிந்தது. தீட்சிதரின் சாகித்தியத்தில் சங்கதிகளுக்குப் பெரிய வேலை இல்லை. ஒரு வரி ஒரு முறைதான் சொல்லப்படுகிறது, ஆனால் அந்த ஒரு முறைக்குள் ராகம் முழுதும் வந்துவிடுகிறது. நான் சங்கதிகளைக் குறைத்துப் பாடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். குறைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. மெதுவாக நகர்ந்து வந்து, கடைசியில் மத்தியமகால சாகித்தியத்தில் சொற்கள் இரட்டிப்பு வேகத்தில் உருளும்போது, நிலைக்கு வரும் தேர் கடைசித் திருப்பத்தில் விசை கொள்வதைப் போல இருக்கும். திருவாரூர்க்காரிக்கு வேறு உவமை வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய பாடல்கள் இந்த அளவுக்கு உருக்குலையாமல் வந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. அவர் தம்பியின் வழியில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்திலிருந்து 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்டார். தெலுங்கு எழுத்தில், கமகங்கள் எனப்படும் ஸ்வர அசைவுகளுக்குத் தனித்தனிக் குறியீடுகளோடு அச்சான நூல் அது. மேடையில் இன்று பாடப்படுவதும் அந்த நூலில் உள்ளதும் பல இடங்களில் வேறுபடுகின்றன என்றாலும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மூலம் இருக்கிறது. என் விதிக்கு அது பெரிய உதவி.

தியாகராஜரிடம் சிக்கல் வேறு மாதிரி. அவரை நீக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. எதை வைத்து அவரைச் சேர்ப்பது என்பதுதான் கேள்வி. எழுநூறு அளவில் பாடல்கள் கிடைக்கின்றன. சங்கதி என்பதை ஒரு கட்டுமானமாகவே நிறுவியவர் அவர் என்பதால், சங்கதிகளை நீக்கிப் பாடுவது என்ற என் விதி அவருக்கு அநியாயமானது. கரகரப்பிரியாவில் 'சக்கனி ராஜமார்க்கமு' பாட்டின் பல்லவியை இரண்டு சங்கதியோடு நிறுத்தினால், விருந்துக்கு அழைத்துவிட்டு உப்பும் ஊறுகாயும் பரிமாறியதும் இலையை எடுத்ததற்குச் சமம். அழகான ராஜபாட்டை இருக்கும்போது சந்துகளில் நுழைவானேன் என்பது அந்தப் பல்லவியின் பொருள். சம்பிகே சாலை நெரிசலுக்கு அஞ்சி எல்லாச் சந்துகளிலும் ஆட்டோவைத் திருப்பும் பெங்களூர்க்காரர்களுக்கு இந்தப் பாட்டை நான் எப்படிச் சொல்லி விளங்க வைப்பது என்று ஒரு நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய ஐந்து பெரிய கீர்த்தனைகளான பஞ்சரத்தினத்தைத் தனியாகப் பாட எனக்கு மூச்சும் இல்லை, துணிவும் இல்லை. கடைசியில் அவரை எனக்கு மீட்டுக் கொடுத்தவை சின்னப் பாட்டுகள். வசந்தாவில் 'ஸீதம்ம மாயம்ம', புன்னாகவராளியில் 'தவ தாஸோஹம்'. குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பாடலாம். சீதை என் அம்மா, ராமன் என் அப்பா என்று சொல்ல இவ்வளவு போதும் என்று அறிந்தவர்தான் அத்தனை பெரிய 'எந்தரோ மஹானுபாவுலு'வையும் ஆக்கினார் என்பது, இந்தச் சோதனைக்கு முன் எனக்கு உறைத்ததில்லை. கச்சேரியில் இவை கடைசியில் வரும் துக்கடாவாகவோ, நேரம் போதாமல் விடுபட்டோ போகின்றன. இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை சின்னப் பாட்டுகளை மட்டுமே எடுத்துக்கொண்டோம். முதல் மாடித் தெலுங்குத் தாத்தா ஒருவர், தன் பாட்டி மாவு அரைத்துக்கொண்டே பாடிய, பஜனைப் பாட்டான திவ்யநாமம் ஒன்றைப் பல்லில்லாத வாயால் பாடினார். ஒரு வரி மறந்து, அதற்குப் பதிலாக முந்தைய வரியையே மறுபடியும் பாடினார்.

நான்காவது இடத்துக்கு மாஞ்சி ராகம் வழிகாட்டியது. 'ப்ரோவவம்மா' பாடிக்கொண்டிருந்த வாரத்தில், என்னை அறியாமலே குரல் 'வருகலாமோ ஐயா' பாட்டுக்குத் தாவிவிட்டது. மாஞ்சிக்கும் பைரவிக்கும் இடையே இருப்பது மயிரிழை வித்தியாசம். சற்று வேகமாகப் போனால் மாஞ்சி பைரவியாகிவிடும், ஆகவே தயங்கித் தயங்கித்தான் போக வேண்டும். கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தத் தயக்கத்தை எடுத்து, தில்லைக் கோயிலுக்கு வெளியே நின்று உள்ளே வரலாமா என்று கேட்கும் நந்தனின் வாயில் வைத்துவிட்டார். இதைப் பாடும்போது ராகம், சொல், நிற்கும் இடம் மூன்றும் ஒன்றாகின்றன. வாக்கும் கேயமும் ஒருவரிடமே பிறக்க வேண்டும் என்று நம் முன்னோர் ஏன் அந்தப் பெயரை வைத்தார்கள் என்பதற்கு எனக்கு இந்தப் பாட்டைவிடச் சான்று தேவையில்லை.

பாரதியாரைப் பற்றிப் பேசிய ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் சூடாகவும் இருந்தது. பெரிய புராணத்தில் இல்லாத, நந்தனின் பண்ணையாரான வேதியர் பாத்திரத்தை அவர் ஏன் சேர்த்தார், நந்தனைக் கெஞ்ச வைத்தது சரியா என்று கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் கேட்டாள். அந்தக் கேள்வி நியாயமானது. நெருப்பில் இறங்கி வெளிவந்தால்தான் உள்ளே விடுவோம் என்ற கதையை எந்த ராகத்தில் பாடினாலும் அது உறுத்தத்தான் வேண்டும். ஆனால் பண்ணையாரிடம் விடுமுறை கேட்கும் கூலியாளின் குரலைக் கீர்த்தனைக்குள் கொண்டுவந்தவர் அந்தக் காலத்தில் வேறு யார் என்று நான் கேட்டேன். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தின் இலக்கணக் குறைகளைக் கண்டு சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார், பிறகு உருகிப்போய்த் தந்தார் என்று உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். உ.வே.சா. மாயவரத்தில் சிறிது காலம் பாரதியாரிடமே பாட்டு கற்றவர். அந்தப் பெண் சமாதானமாகவில்லை. நானும் முழுக்கச் சமாதானமாகவில்லை. பாட்டு மட்டும் பட்டியலில் இருந்துவிட்டது.

பாபநாசம் சிவனை நான் விட்டுவிட்டதற்காகத் தமிழ் வீடுகள் ஏழும் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை என்றே சொல்லலாம். காரணத்தை மறைப்பானேன்? 1890-இலிருந்து 1973 வரை வாழ்ந்த அவர், எனக்கு மிக அருகில் இருப்பவர். காபியில் 'என்ன தவம் செய்தனை' பாட்டை என் அம்மா துணி மடித்துக்கொண்டே பாடுவாள். வராளியில் 'கா வா வா' என்று அவள் தொடங்கினால் பழநிக்குப் போக நாள் பார்க்கிறாள் என்று பொருள். சங்கதிகளை நீக்கிவிடலாம், இசைத்தட்டுக் குரல்களை மறந்துவிடலாம், அம்மாவின் குரலை எப்படி நீக்குவது? எவ்வளவு முயன்றும் சிவனைத் தனியாக என்னால் கேட்க முடியவில்லை. சோதனையில் தோற்றது அவரல்ல, நான்தான் என்று தமிழ் மாமிகளிடம் சொன்னேன். ஒருவர் மட்டும் தலையசைத்தார்.

புரந்தரதாசர் விஷயத்தில் கன்னட மாமியிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு தாசர் இல்லாத பட்டியலா?" என்றார். பதினாறாம் நூற்றாண்டின் தேவர்நாமாக்கள் என்ற கன்னடப் பக்திப் பாடல்களுக்கு அவர் அமைத்த மெட்டுகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன, இன்று பாடுபவை பின்னால் வந்தவர்கள் அமைத்தவை, ஆகவே 'ஜகதோத்தாரண' கேட்டு நான் மயங்குவது யாருடைய காபியில் என்று எனக்குத் தெரியாது என்று என் விதியை விளக்கினேன். மாமி பதில் சொல்லவில்லை. முதல் ஞாயிறன்று, எல்லோரும் பாயில் உட்கார்ந்து, நான் சியாமா சாஸ்திரியைப் பற்றிப் பேசத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோது, அவர் மெதுவாக மலஹரியில் 'லம்போதர லகுமிகரா' என்று எடுத்தார். கூடத்தில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். நான்கு வெவ்வேறு சுருதியில், மூன்று உச்சரிப்புகளில், காகிதம் இல்லாமல், அத்தனை பேரும் முதல் வரியிலேயே சேர்ந்துகொண்டார்கள். சங்கதி இல்லை, நிரவல் இல்லை. என் விதிப்படியே அது நின்றது. பிறகு ஐந்து ஞாயிறும் அந்தக் கீதத்தில்தான் தொடங்கின. காகிதத்தில் அவர் பெயரை நான் எழுதவில்லை, எழுதச் சொல்லி மாமியும் கேட்கவில்லை.

ஐந்தாவது பெயராக நான் வைத்தது ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். 1877-இல் பிறந்த திருநெல்வேலிச் சீமைக்காரர், மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் அவையில் இருந்தபோது சாமுண்டீசுவரி மீது நூற்றெட்டுக் கீர்த்தனைகளைக் கன்னடத்தில் ஆக்கினார். பிழைக்க வந்த ஊரின் மொழியில் அந்த ஊர்த் தெய்வத்தைப் பாடியவர் என்பது, இங்கே முப்பது ஆண்டுகளாகக் காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்கே கன்னடம் கற்றிருக்கும் என்னைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் வெட்கம் தரும் செய்தி. மோகனகல்யாணி அவர் உருவாக்கிய ராகம். அதில் 'புவனேஸ்வரிய' பாட்டைச் சமையலறையில் பாடியபோது, எதிர் வீட்டுக் கன்னடப் பெண் சன்னல் வழியாக உச்சரிப்பைத் திருத்தினாள்.

அவருடைய ஞாயிறுக்கு நான் எடுத்துக்கொண்டது நிரோஷ்டா ராகத்தில் அவர் அமைத்த 'ராஜராஜ ராதிதே'. நிரோஷ்டம் என்றால் உதடு இல்லாதது. 'ம' என்று சொல்லவும் 'ப' என்று சொல்லவும் உதடுகள் ஒட்ட வேண்டும்; ஆகவே மத்தியமமும் பஞ்சமமும் இல்லாத ஒரு ராகத்தை எடுத்து, உதடுகள் ஒட்டாத எழுத்துகளாலேயே சாகித்தியமும் செய்திருக்கிறார். ஸ்வரம் பாடினாலும் ஒட்டாது, சொல் பாடினாலும் ஒட்டாது. பெரியவர்கள் இதைப் புலமை விளையாட்டு என்று முகத்தைத் திருப்பக்கூடும்; பாட்டு இனிமையாக இருப்பதால் எனக்கு அந்தக் குறை தோன்றவில்லை. கூடத்தில் இருந்த குழந்தைகளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு நான் பாடத் தொடங்கினேன். முன்வரிசையில் நான்கு பேர் ஆள்காட்டி விரலை உதடுகளுக்கு நடுவே குறுக்காக வைத்துக்கொண்டு என்னோடு பாடிப் பார்த்தார்கள். இரண்டாம் மாடிப் பையன் மட்டும் பாடாமல் என் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். பல்லவியை முடித்து மூச்சு வாங்க நான் நிறுத்திய உடனே கையைத் தூக்கினான்.

"மாமி, இப்ப ஒட்டிடுச்சு."